கம்ப்யூட்டருக்குள் மாட்டிய கதிர்

இந்தக் காலத்து மனிதர்கள் யாரும் எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது பட்டு நெசவாளி தனகோடியின் தீர்மானமான கருத்து. டீக்கடைக்காரன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சர்க்கரை போடுகிறான். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கிறான். மளிகைக் கடையில் போய் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டால், காதில் செல்போனை வைத்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்கிறான். அந்த ஆமா நமக்கா, போனில் இருப்பவனுக்கா என்று தெரியாமல் பையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அப்படி நின்றதில் தனகோடிக்குப் பருப்புக்குப் பதில் புளி கிடைத்தது. அதை வீட்டில் கொடுத்ததற்கு மனைவி அபிதகுசாம்பாள் அவரைத் திட்டினாளே தவிரக் கடைக்காரனைத் திட்டவில்லை. அதுவும் இந்தக் காலத்து நியாயம்தான்.

இப்போது ஹேமநாத்தும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரணிக் கோட்டைக்குப் பின்னால் சந்தில் இருந்த தன் டிசைன் சென்டரில், கம்ப்யூட்டருக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஆள் வந்து நின்னுகினு கீறேன். அந்தப் பொட்டியைப் பாக்கறதை வுட்டுட்டு இங்க பாரு" என்றார் தனகோடி.

"பாக்கறேன் மாமா, ஒரு நிமிஷம்."

"நீ ஒரு நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சு. மீதி டிசைன் கிராப் எங்க? கமலக்கண்ணன் அட்டை குத்த ஒண்ணும் இல்லாம கொட்டாவி வுட்டுகினு கீறான்."

முன்கட்டு மூலையில், கிராப் கட்டத்தைப் பார்த்துத் தறி அட்டையில் ஓட்டை குத்தும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கமலக்கண்ணன் அதை மெய்ப்பிப்பதுபோல ஒரு கொட்டாவி விட்டான்.

"மாமா, சொன்னா கோவப்படக் கூடாது" என்றான் ஹேமநாத்.

"அப்ப சொல்லாத."

"நேத்து ராத்திரி இடி இடிச்சுதே, அதுல கம்ப்யூட்டர் போர்டு போயிடுச்சு. காலையில வேலூர்லேருந்து புதுசு வாங்கியாந்து மாட்டிட்டேன். கம்ப்யூட்டர் ஓடுது. டிசைன் போடற சாஃப்ட்வேர்தான் திறக்க மாட்டேங்குது. போர்டு மாறிட்டதால, இது வேற யாரோட கம்ப்யூட்டரோன்னு அதுக்குச் சந்தேகம்."

"போன மாசம் எங்க தறிக்கு மிதிகட்டை மாத்தினேன். தறி என்னைப் பாத்து நீ யாருன்னு கேட்டுதா?"

"அது தறி மாமா."

"அதுக்கு இருக்கற மரியாதை இதுக்கு இல்லன்றேன். சரி, என் டிசைன் உள்ளதானே கீது?"

"பத்திரமா கீது. பூட்டை மட்டும் திறக்கணும்."

"கடை உன்னுது. பொட்டி உன்னுது. டிசைன் என்னுது. சாவி எவன்கிட்ட?"

ஹேமநாத் தலையைச் சொறிந்தான். "பெங்களூர்ல."

தனகோடியின் தறியில் அந்த நேரம் நின்றுகொண்டிருந்த புடவை சாதாரணப் புடவை இல்லை. களம்பூர் ரைஸ்மில் ராஜவேலு தன் மகள் பவித்ராவின் முகூர்த்தத்துக்குச் சொன்னது. ராஜவேலு முதலில் முந்தானையில் தன் மில் லாரியைப் போடச் சொன்னார். "பொண்ணு முந்தி விரிச்சா நம்ம வண்டி தெரியணும்" என்றார். "பொண்ணு கல்யாணம் பண்ணிகினு போறாளா, லோடு ஏத்திகினு போறாளா?" என்று தனகோடி கேட்ட பிறகுதான் லாரி இறங்கியது. பேசிப் பேசிக் கடைசியில் நெற்பயிர் என்று முடிவாயிற்று. முந்தானையில் கீழே ஜரிகையில் நெல்லின் தாள் எழும்பி, மேலே போகப்போகக் கதிர் பிடித்து, நுனியில் மணி முற்றிச் சாய வேண்டும். தனகோடி சொல்லச் சொல்ல ஹேமநாத் ஐந்து நாள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தான். வரிக்கு ஓர் அட்டையாக மொத்தம் அறுநூற்று நாற்பது அட்டை. முதல் முந்நூறு குத்தித் தறியில் ஏறிவிட்டது. உடல் முழுவதும் நெய்தாயிற்று, முந்தானையில் தாளும் வளர்ந்தாயிற்று. நேற்று மாலையிலிருந்து தறி அட்டைக்குக் காத்து நிற்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை புடவை கையில் இருக்க வேண்டும் என்று ராஜவேலு சொல்லியிருந்தார். இருக்கும் என்று தனகோடியும் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு முகூர்த்தப் புடவையைக்கூட அவர் பிந்திக் கொடுத்ததில்லை.

"தாள் தறியில கீது. கதிர் உன் பொட்டிக்குள்ள மாட்டிகினுது" என்றார். "இப்படியே அறுத்துக் குட்தா இன்னா ஆவும் தெரியுமா? ரைஸ்மில் பொண்ணு மணவறையில வைக்கோலைக் கட்டிகினு உக்காருவா. ஊரே சிரிக்கும்."

"வாணாம் மாமா. போன் பண்ணினா சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க திறந்து குடுப்பாங்க. ஸ்கிரீன்ல ஒரு நம்பர் வந்துகீது பாருங்க. அதை போன்ல சொன்னா, அவங்க பதிலுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க. அதை இதுல அடிச்சா முடிஞ்சுது."

"நம்ம நம்பரை அவன் வாங்கிகினு அவன் நம்பரைக் குடுப்பானா? மாட்டுத் தரகன்கூடத் துண்டுக்குக் கீழ வெரலைப் புடிச்சித்தான் பேசுவான். மூஞ்சி தெரியாதவன்கிட்ட எதுக்கு நம்பரைச் சொல்லணும்?"

ஹேமநாத் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினான். மணி மூன்று. அந்த வாரம் டிரான்ஸ்பார்மர் வேலை நடந்துகொண்டிருந்ததால் தினமும் நாலு மணிக்குக் கரண்ட் நிறுத்தினார்கள்; கடையின் யு.பி.எஸ். ரெண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த நம்பர் மாறிவிடும். மறுபடி கரண்ட் வருவதற்குள் பெங்களூர்க்காரர்கள் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். நாளையும் மறுநாளும் அவர்களுக்கு லீவு.

இலவச நம்பரானதால் செல்போனில் போகாது, வயர் வைத்த டெலிபோனிலிருந்துதான் கூப்பிட முடியும். டெலிபோன் இருந்தது முன்கட்டு மேசையில். கம்ப்யூட்டர் இருந்தது உள் அறையில், தூசு படாமல், திரை போட்டு. வயர் திரைச்சீலை வரைக்கும்தான் வரும்.

"கமலக்கண்ணா, நீ உள்ள போய் நம்பரைப் படி. நான் போன்ல சொல்றேன்" என்றான் ஹேமநாத்.

"அவன் எதுக்கு? நான் படிக்கறேன்" என்றார் தனகோடி. "எது வெளிய போவுதுன்னு எனக்குத் தெரியணும்."

"மாமா, அது அம்பத்தி நாலு நம்பர்."

"ஒரு அட்டைக்கு எத்தனை கட்டம்னு உனக்குத் தெரியுமா? பள்ளிக்கூடம் நான் ரெண்டாவதோட முடிச்சேன். ஆனா இந்த ஊர்ல கிராப் படிக்கறதுல என்னை ஒருத்தன் தப்பு சொன்னதில்ல."

அது பொய் இல்லை. கிராப் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் "நாலு குத்து, ரெண்டு விடு, ஒண்ணு குத்து" என்று படிப்பார். மெஷினில் இருப்பவன் குத்திக்கொண்டே போவான். ஒரு வரி முடிந்ததும் அவன் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த வரி. ஒரு கட்டம் தவறினால் மயிலுக்கு மூன்று கால் வந்துவிடும். தனகோடி படித்து எந்த மயிலுக்கும் மூன்று கால் வந்ததில்லை.

அவர் உள்ளே போய், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஆறு ஆறு இலக்கமாக ஒரு வரிக்கு மூன்று கட்டு, மொத்தம் மூன்று வரி. நல்ல தெளிவான கிராப்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

முன்கட்டில் ஹேமநாத் டயல் செய்தான். ஒரு மெஷின் எடுத்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இங்கிலீஷில் கொஞ்சியது. "மாமா, படிங்க!"

பக்கத்துக் கட்டடத்தில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தனகோடியின் குரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "நாலு! ஒம்போது! சைபர்! ரெண்டு! ஏழு! ஏழு!" என்று கூவினார். ஹேமநாத் போன் பொத்தானில் ஒவ்வொன்றாக அழுத்தினான். ஐம்பத்து நாலும் முடிந்தது. மெஷின் ஏதோ சொன்னது.

"தப்புன்றான் மாமா."

"எவன்?"

"மெஷின்."

"மெஷின் சொன்னா நான் தப்பாயிடுவனா? நீ அமுக்குனதுல தப்பு."

மறுபடி படித்தார். மறுபடி அழுத்தினான். மறுபடி தப்பு. "இருங்க, இருங்க, இப்ப ஆள்கிட்ட குடுக்கறான்" என்று ஹேமநாத் போனின் வாயைப் பொத்திச் சொன்னான். போனில் ஒரு பாட்டு ஓடியது. மணி மூன்று இருபது. பிறகு ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். ஹேமநாத் தடுமாறியதும் தமிழுக்கு வந்தாள். ஹேமநாத் ஸ்பீக்கரைப் போட்டான்.

"வணக்கம் சார், பானுப்ரியா பேசறேன்."

"எந்த ஊருன்னு கேளு" என்றது உள் அறை.

"மேடம், பெரியவர் எந்த ஊருன்னு கேக்கறாரு."

"திருப்பத்தூர் சார்."

"திருப்பத்தூர்ல யார் வூட்டுப் பொண்ணு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார், ரூல்ஸ்."

"பாத்தியா!" என்றார் தனகோடி. "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நாம மட்டும் எல்லாத்தையும் சொல்லணும்."

"சார், எதுக்காக மறுபடி ஆக்டிவேட் பண்றீங்க?" என்று கேட்டாள் பானுப்ரியா.

"இடி விழுந்து போர்டு மாத்தினோம் மேடம்."

"இந்த சாஃப்ட்வேரை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு!" என்றது உள் அறை. "அந்த ஒண்ணும் ஓடல, அதையும் எழுதிக்கச் சொல்லு!"

பானுப்ரியா சிரிப்பை அடக்கியது ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு குரல் கண்டிப்பாக மாறியது. "சார், ஏற்கெனவே ரெண்டு தடவை தப்பு நம்பர் வந்திருக்கு. மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா லைசென்ஸ் தானா பிளாக் ஆயிடும். அப்புறம் நீங்க லெட்டர் எழுதி, பில் காப்பி அனுப்பி, எல்லாம் முடிய பத்து நாள் ஆகும். அதனால மெதுவா, சரியா சொல்லுங்க."

பத்து நாள். வெளியே கமலக்கண்ணன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான். உள்ளே தனகோடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வைக்கோல் புடவையில் மணவறையில் ஒரு பெண், மேடைக்குக் கீழே சிரிக்கும் சம்பந்தி ஜனம், இடுப்பில் கை வைத்து நிற்கும் ராஜவேலு, எல்லாரும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தார்கள்.

"இதோ பாரும்மா" என்றார் திரைச்சீலையைப் பார்த்து. "நான் ஆறு ஆறா படிப்பேன். ஒவ்வொரு ஆறுக்கும் நீ ஆச்சுன்னு சொல்லணும். சொல்லலன்னா அடுத்தது வராது. சும்மா ஊங்கொட்டினா செல்லாது."

"சரிங்க ஐயா" என்றாள் பானுப்ரியா. சார் எப்போது ஐயாவாக மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை.

"நாலு, ஒம்போது, சைபர், ரெண்டு, ஏழு, ஏழு."

"ஓகே."

அடுத்த ஆறு வரவில்லை. பவர்லூம் மட்டும் ஓடியது.

"மேடம், ஆச்சுன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தான் ஹேமநாத்.

"ஆச்சுங்க ஐயா."

"அப்படிச் சொல்லு! ஒண்ணு, ஆறு, ஆறு, மூணு, சைபர், எட்டு."

"ஆச்சு."

ஒன்பது கட்டும் முடிந்தது. ஒன்பது முறை ஆச்சு வந்தது. "நான் அழுத்தட்டுமா?" என்றாள் பானுப்ரியா.

"அழுத்தாதே!" என்று தனகோடி போட்ட சத்தத்தில் பவர்லூம்காரன் எட்டிப் பார்த்தான். "திருப்பிப் படி. நீ எழுதினதைப் படிச்சுக் காட்டாம எப்படி அழுத்துவே? நாளைக்கு மறுபடி தப்புன்னு என் தலையில கட்டவா?"

அவள் பொறுமையாகத் திருப்பிப் படித்தாள். உள்ளே தனகோடி ஸ்கிரீனில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து "சரி... சரி..." என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஹேமநாத்துக்குப் பொறுக்கவில்லை. வயர் எட்டும் வரை போனை இழுத்துக்கொண்டு வந்து திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தான். பானுப்ரியா கடைசிக் கட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். தனகோடியின் விரல் ஸ்கிரீனின் உச்சியில் இருந்தது.

"மாமா" என்றான் மெல்ல. "எங்கேருந்து படிக்கறீங்க?"

"எங்கேருந்துன்னா? கீழேருந்துதான்."

"கீழேருந்தா?"

"வேற எங்கேருந்து படிப்பாங்க? நெசவு கீழேருந்துதானடா ஏறும்! தாளுக்கு முன்னாடி கதிர் வருமா? எந்த மடையனாவது கிராப்பை மேலேருந்து படிப்பானா?"

"கீழேருந்துதான் படிக்கணும்" என்று மூலையிலிருந்து கமலக்கண்ணன் சாட்சி சொன்னான்.

ஹேமநாத் போனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "மேடம்... அழுத்திடாதீங்க மேடம்... எங்க பெரியவரு மூணாவது வரிலேருந்து மேல ஏறிட்டாரு."

"மேல ஏறிட்டாரா?"

"நாங்க பட்டு நெய்யறவங்க மேடம். எங்க கிராப்பு கீழேருந்து ஆரம்பிக்கும்."

இந்த முறை பானுப்ரியா சிரிப்பை அடக்கவில்லை. பெங்களூரில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "பரவால்லைங்க. முதல் வரியையும் மூணாவது வரியையும் நானே மாத்திக்கறேன்."

"நீ ஒண்ணையும் மாத்தாதே" என்றார் தனகோடி. "நானே மேலேருந்து படிக்கறேன். தலைகீழா வீடு கட்டறவங்களோட நமக்கு இன்னா வழக்கு."

மணி மூன்று நாற்பது. மேலிருந்து கீழே, வாயில் வேப்பெண்ணெய் ஊற்றிய முகத்தோடு படித்தார். ஒன்பது ஆச்சு வந்தது. திருப்பிப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். "இப்ப அழுத்து" என்று அனுமதி கொடுத்தார்.

எங்கோ ஒரு பொத்தான் அழுந்தியது. தனகோடி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சுங்க ஐயா. இப்ப நான் சொல்றேன், நீங்க ஆச்சு சொல்லுங்க."

அவள் பதில் நம்பரைச் சொன்னாள். ஹேமநாத் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அதன் முதுகில் எழுதினான். ஒவ்வொரு கட்டுக்கும் தனகோடியே "ஆச்சு" என்றார். காலண்டரோடு உள்ளே ஓடி ஹேமநாத் அதை அடித்தான். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது. பிறகு பெட்டி திறந்து, ஸ்கிரீன் நிறைய மஞ்சள் கட்டங்களில் நெற்கதிர் சாய்ந்து நின்றது.

தனகோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு மணியை விரலால் எண்ணினார். அடுத்த கதிரையும் எண்ணினார். ஒன்றும் திருடு போகவில்லை.

"வேற ஏதாவது உதவி வேணுமாங்க ஐயா?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

"உங்க முதலாளிகிட்ட சொல்லு. போர்டு மாறினாலும் ஆள் மாறலன்னு. அடுத்த தடவை பொட்டி என்னை யாருன்னு கேட்டுதுன்னா, நேரா பெங்களூர் வந்து நான் யாருன்னு காட்டறேன்."

"கண்டிப்பா சொல்றேங்க."

"நீ நல்லா கேக்கற. இங்க வந்தீன்னா கமலக்கண்ணன் வேலையை உனக்கே குடுப்பேன்."

"அண்ணன் கோவிச்சுக்கப் போறாரு" என்றாள் அவள். போன் வைக்கப்பட்டது.

"மாமா, ஜல்தி, பிரிண்ட்!" என்று ஹேமநாத் குதித்தான். மணி மூன்று ஐம்பது. பதினேழு தாள். பிரிண்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது. பதினைந்தாவது தாளில் கரண்ட் போயிற்று, யு.பி.எஸ். கீச்சிட்டது. பவர்லூம் நின்று தெருவே அமைதியானது. அந்த அமைதியில் பதினாறும் பதினேழும் மெல்ல நகர்ந்து வெளியே வந்தன. யு.பி.எஸ். கடைசியாக ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

அட்டை மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம், கால் போதும். தனகோடி வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முதல் தாளின் கடைசி வரியில், அதாவது நியாயமான இடத்தில், விரலை வைத்தார். "மூணு குத்து, ரெண்டு விடு, அஞ்சு குத்து..." கமலக்கண்ணன் "ஆச்சு" என்றான். ஆறு மணிக்குள் நூற்றுப் பத்து அட்டை சேர்ந்தது. மீதியை நாளை மதியத்துக்குள் முடித்துவிடலாம். இன்றைக்கு இது போதும். கோர்த்துத் தறியில் ஏற்றினால் காலையில் கதிர் பால் பிடித்துவிடும். செவ்வாய்க்கிழமை ராஜவேலுவின் கையில் புடவை இருக்கும்.

அட்டைக் கட்டைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார் தனகோடி. பிறகு உள்ளே போய், கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடந்த காலண்டரை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"மாமா, அது எதுக்கு?"

"அந்த நம்பர் இதுலதானே கீது? என்கிட்ட இருக்கட்டும். உன்னை நம்பினாலும் அந்தப் பொட்டியை நம்ப மாட்டேன்."

"அடுத்த தடவை அந்த நம்பர் செல்லாது மாமா. வேற நம்பர் வரும்."

"அப்ப இதுக்கு இன்னா அர்த்தம்? ஒரு தடவை திறந்த சாவி மறுபடி திறக்காதா?" தனகோடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன்னை நல்லா ஏமாத்தியிருக்கானுங்க."

"இன்னா மாமா இது! ஆரணியில உக்காந்துகினே, போன்லயே, ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. இப்பவாவது ஒத்துக்குங்க!"

"எது முடிஞ்சுது? இடி விழுந்தா மறுபடி கேக்கும். இடி விழலன்னாலும் என்னிக்காவது கேக்கும். கேக்கற வழக்கம் வந்துட்டா வுடாது, மாமியார்க்காரி மாதிரி." அவர் படியிறங்கினார். "அந்தப் பதினேழு தாளையும் அட்டை குத்தி முடிச்சதும் வூட்டுக்கு அனுப்பு. என் கதிர் என் பரண்ல இருக்கட்டும். அங்க யாரும் நம்பர் கேக்க மாட்டாங்க."

ஹேமநாத் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். தனகோடி திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் அட்டையும் அக்குளில் காலண்டருமாகச் சந்தின் கோடியை நோக்கி நடந்தார். டீக்கடையைத் தாண்டும்போது அவர் முணுமுணுத்தது கமலக்கண்ணனுக்கும் கேட்டது.

"மேலேருந்து படிக்கறானுங்களாம், மேலேருந்து!"